விக்டோரியக் காலத்தை இன்று எழுதும் நாவல்கள், அக்கால நாவல்களைவிட உண்மைக்கு நெருக்கமானவையா?

கேள்வி: மழைநாள் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவில் மிஷெல் ஃபேபர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கிரிம்சன் பெட்டல் அண்ட் தி ஒயிட்’ நாவலைப் படித்து முடித்திருக்கிறோம். 1870களின் லண்டன்தான் களம். செயின்ட் கைல்ஸ் பகுதியின் சந்து ஒன்றில் கதைசொல்லி வாசகரின் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக் காலெடுத்து வையுங்கள் என்று எச்சரித்தபடியே உள்ளே அழைத்துப் போகிறார். சுகர் என்னும் பாலியல் தொழிலாளி, வாசனைப் பொருள் நிறுவனத்தின் வாரிசான வில்லியம் ராக்கம், பெண்ணுடலைப் பற்றி எதுவுமே சொல்லித்தரப்படாமல் மணம் செய்துவைக்கப்பட்ட அவன் மனைவி ஆக்னஸ் ஆகிய மூவரையும் சுற்றிக் கதை நகர்கிறது. சுகரின் வெடித்த உதடுகளையும் தோல் நோயையும்கூட ஆசிரியர் நம்மிடம் மறைப்பதில்லை.

விவாதத்தில் பெரும்பாலான நண்பர்கள் ஒரே கருத்தைச் சொன்னார்கள். விக்டோரியா அரசி ஆண்ட காலத்து (1837–1901) எழுத்தாளர்கள் திரைபோட்டு மறைத்தவற்றை இந்த நாவல் திறந்து காட்டுகிறது; ஆகவே டிக்கன்ஸையும் ஜார்ஜ் எலியட்டையும்விட இதுவே அந்தக் காலத்தை உள்ளபடி சொல்கிறது என்றார்கள். நாவல் எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. இருந்தாலும் அந்த முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அந்தக் காலத்தில் வாழ்ந்து, அதன் தெருக்களில் நடந்து, அதன் கடன்களைக் கட்டி எழுதியவர்களைவிட, ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து நூலகக் குறிப்புகளை வைத்துக்கொண்டு எழுதுகிற ஒருவர் எப்படி அதிக யதார்த்தமாக எழுதிவிட முடியும்? யதார்த்தவாதம் என்பது மறைக்கப்பட்டதைத் திறந்து காட்டுவது மட்டும்தானா? இந்த வகை நாவல்களைத் தொடர்ந்து படித்துவருபவர்கள், எதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இவற்றின் உண்மைத்தன்மையை மதிப்பிடுகிறீர்கள் என்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஏட்டுச்சுவடி

வணக்கம் நண்பரே. உங்கள் குழுவின் பெரும்பான்மைக் கருத்தின் பக்கமே நான் நிற்கிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். விக்டோரியக் கால எழுத்தாளர்கள் மறைத்தார்கள் என்பதைவிட, மறைக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பதே சரி. அந்தக் கட்டாயம் ஏதோ மங்கலான ஒழுக்க உணர்விலிருந்து மட்டும் வந்ததன்று. அது புத்தக வணிகத்தின் கணக்கிலிருந்து வந்தது.

அக்காலத்தில் புதிய நாவல் என்றால் மூன்று தொகுதிகள். விலை முப்பத்தொரு ஷில்லிங் ஆறு பென்ஸ். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் ஒரு வாரக் கூலிக்கும் மேற்பட்ட தொகை அது. நடுத்தரக் குடும்பங்கள்கூட அதை விலை கொடுத்து வாங்குவதில்லை. 1842இல் சார்லஸ் எட்வர்ட் மூடி தொடங்கிய வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) சந்தா கட்டி, ஒரு நேரத்தில் ஒரு தொகுதி என்று எடுத்துப் படித்தார்கள். பதிப்பகத்தாரிடமிருந்து நூற்றுக்கணக்கில் பிரதிகளை மொத்தமாக வாங்குபவர் மூடி என்பதால், எந்த நாவல் குடும்பத்துக்கு ஏற்றது என்று அவர் தீர்மானிக்கிறாரோ அதுவே பிழைத்தது. வரவேற்பறையில் தந்தை உரக்கப் படிக்க மகள்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பக்கமும் எடைபோடப்பட்டது. மூன்று தொகுதி நாவல் முறை 1894இல்தான் முடிவுக்கு வந்தது.

இதன் விளைவு எவ்வளவு நுணுக்கமாக எழுத்துக்குள் நுழைந்தது என்பதற்கு, தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலில் வரும் ஒரு காட்சியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பால்பண்ணையில் வேலை செய்யும் நான்கு இளம்பெண்கள் நல்ல உடை உடுத்தித் தேவாலயத்துக்குப் புறப்படுகிறார்கள். மழையில் பாதை முழுவதும் நீர் தேங்கிக் கிடக்கிறது. அங்கே வரும் ஏஞ்சல் கிளேர் ஒவ்வொருத்தியையும் கைகளில் தூக்கிக்கொண்டு நீரைக் கடக்கிறான். நால்வரும் அவன்மீது ஆசை வைத்திருப்பவர்கள். 1891இல் ‘தி கிராஃபிக்’ வார இதழில் தொடராக வந்தபோது, ஓர் ஆண் இளம்பெண்களைக் கைகளில் ஏந்துவது முறையன்று என்று இதழின் ஆசிரியர் கருதியதால், ஹார்டி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வைத்தார். கிளேர் அவர்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். டெஸ் கெடுக்கப்படும் பகுதியும், இறந்துகொண்டிருக்கும் தன் குழந்தைக்கு அவளே ஞானஸ்நானம் செய்விக்கும் பகுதியும் தொடரிலிருந்து நீக்கப்பட்டு, வேறு இதழ்களில் தனித்துண்டுகளாக வெளிவந்தன. புத்தகமாக வந்தபோதுதான் அவற்றைப் பெருமளவு திரும்பச் சேர்க்க அவரால் முடிந்தது. நாவலின் உயிர்நாடியே அந்த இரண்டு பகுதிகள்தாம் என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

ஹார்டிக்கு இதழாசிரியரோடுதான் சிக்கல். பதிப்பாளர் ஹென்றி விசட்டெலிக்குச் சிறையே கிடைத்தது. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் பதிப்பித்ததற்காக 1888இல் நூறு பவுண்டு அபராதமும், அதை மீண்டும் செய்ததற்காக 1889இல் மூன்று மாதச் சிறைத்தண்டனையும் அந்த முதியவருக்கு விதிக்கப்பட்டன. பிரான்சில் ஸோலாவைப் போல வாழ்வின் அழுக்கையும் மறைக்காமல் எழுதும் இயற்பண்புவாதம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் அதைப் பதிப்பிப்பது குற்றமாக இருந்தது.

டிக்கன்ஸையும் சொல்ல வேண்டும். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் நான்சி யார் என்பதைக் கதைக்குள் அவர் வெளிப்படையாகச் சொல்லவே இல்லை; 1841ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில்தான் அவள் பாலியல் தொழிலாளி என்று ஒரே வரியில் எழுதுகிறார். அறியாமையால் அவர் அப்படிச் செய்யவில்லை. 1847இல் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் சீமாட்டியின் பணத்தில், லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், தெருவிலிருந்தும் சிறையிலிருந்தும் வந்த பெண்களுக்காக யுரேனியா காட்டேஜ் என்னும் இல்லத்தைத் தொடங்கி, பல ஆண்டுகள் அதன் நிர்வாகத்தை அவரே கவனித்தார். அந்தப் பெண்களோடு பேசி அவர்களுடைய வரலாறுகளைக் கேட்டறிந்தார். அவ்வளவு தெரிந்தவராலும் அதில் ஒரு பகுதியைக்கூட நாவலில் நேரடியாக வைக்க முடியவில்லை.

ஆகவே ஃபேபரைப் போன்றவர்கள் எழுதுவதை, பூட்டி வைக்கப்பட்டிருந்த ஓர் அறையை உரியவர்கள் சார்பில் திறப்பது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். டிக்கன்ஸுக்கும் ஹார்டிக்கும் மறுக்கப்பட்ட உரிமை இன்றைய எழுத்தாளருக்குக் கிடைத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி எழுதப்படுவது கூடுதல் யதார்த்தம் இல்லையென்றால் வேறு என்ன?

மறுமொழி 2: பொருநை

ஏட்டுச்சுவடி எழுதியிருக்கும் தணிக்கை வரலாற்றில் நான் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவை நான் ஏற்கவில்லை. மூடியின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டது எது என்பதை அவர் தெளிவாகச் சொன்னார். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது எது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

உள்ளே போனது பணம். சொத்து, உயில், வாரிசுரிமை, கடன், வட்டி, சம்பளம், சீதனம் என்று மனிதர்களை ஒருவரோடு ஒருவர் பிணைத்துப்போடும் எல்லாமே அந்த நாவல்களில் தடையின்றி, பவுண்டு ஷில்லிங் கணக்கோடு இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை யதார்த்த நாவலின் முதுகெலும்பு அதுதான். ஒரு மனிதன் விரும்புவதற்கும் அவனால் செய்ய முடிவதற்கும் இடையில் சட்டமும் பணமும் காலமும் எப்படிக் குறுக்கே நிற்கின்றன என்பதை, படிப்படியாக, குறுக்குவழி இல்லாமல் காட்டுவதே யதார்த்தம். உடலை மறைக்காமல் காட்டுவது அதில் ஒரு பகுதியாக இருக்கலாம். அதுவே முழுமை ஆகாது.

ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் லிட்கேட் என்னும் இளம் மருத்துவரின் கதையை எண்ணிப் பாருங்கள். மருத்துவத்தைச் சீர்திருத்தும் கனவோடு சிற்றூருக்கு வருகிறான். ரோசமண்டை மணக்கிறான். நல்ல வீடு, நல்ல தட்டுமுட்டுச் சாமான்கள், விருந்துக்கேற்ற பாத்திரங்கள் எல்லாம் கடனில் வருகின்றன. தன்னைப் போன்ற ஒருவனுக்கு இவை இயல்பாகவே இருக்க வேண்டியவை என்று அவன் நினைப்பதால், கடன் ஏறுவதே அவன் கண்ணில் படவில்லை. பிறகு ஒருநாள் வெள்ளிப் பாத்திரக் கடைக்காரரின் கடனுக்கு வீட்டுப் பொருள்களை ஈடாக எழுதிக்கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. அதற்காக வீட்டுக்குள் ஆள் வந்து பொருள்களைப் பட்டியல் எடுக்கப்போவதை மனைவியிடம் அவன் சொல்லியாக வேண்டும். அந்த உரையாடலில் ஒரு முத்தம்கூட இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் ஒரு மணவாழ்க்கை முறிவதை அதைவிட நெருக்கமாகக் காட்டிய பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை. கடைசியில் வங்கியாளர் புல்ஸ்ட்ரோடிடம் அவன் வாங்கும் ஆயிரம் பவுண்டு, ஒரு சந்தேக மரணத்தோடு அவன் பெயரை ஊர் முழுவதும் முடிச்சுப்போட வைக்கிறது. காய்ச்சலையும் உடற்கூறையும் ஆராய வந்தவன், பணக்காரர்களின் கீல்வாதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டு ஐம்பது வயதில் இறந்துபோகிறான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1871இலும் 1872இலும் வெளிவந்த அந்த நாவலின் கதை நடப்பது 1829க்கும் 1832க்கும் இடையில். ஜார்ஜ் எலியட்டும் நாற்பதாண்டு பின்னோக்கிச் சென்று, அக்கால மருத்துவத்தையும் தேர்தல் சீர்திருத்தத்தையும் குறிப்பேடு வைத்துப் படித்தே எழுதினார். ஆகவே அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்தான் அதை உண்மையாக எழுத முடியும் என்ற, கேள்வி கேட்ட நண்பரின் ஐயத்தோடும் நான் உடன்படவில்லை. தூரம் தடையன்று, எதைத் தேடிப் பின்னோக்கிப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

மறைக்கப்பட்டது என்று நாம் நினைப்பவற்றிலும், அக்காலத்தவரே எழுதிவிட்டவை பல உண்டு. மூடியின் ஆதிக்கத்தை 1885இல் துண்டு வெளியீடு எழுதி எதிர்த்த ஜார்ஜ் மூர், 1894இல் ‘எஸ்தர் வாட்டர்ஸ்’ என்னும் நாவலை வெளியிட்டார். எஸ்தர் ஒரு சமையலறைப் பணிப்பெண். கூட வேலை செய்பவனால் கருவுற்று வேலையிழக்கிறாள். பிள்ளை பெற்றபின் பிழைக்க அவளுக்கு ஒரே வழி, பணக்கார வீட்டுக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் வேலை. அதற்குத் தன் குழந்தையை ஒரு கிழவியிடம் வாரப் பணத்துக்கு விட வேண்டும். தன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் போய்ப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. முன்பு அந்த வேலைக்கு வந்த பெண்களின் குழந்தைகள் இறந்துபோனதை அறிந்துகொள்ளும்போது, பணக்காரக் குழந்தை பிழைப்பதற்கு ஏழைக் குழந்தை விலையாகிறது என்பது அவளுக்கு விளங்குகிறது. ஐந்து பவுண்டு கொடுத்தால் பிள்ளைத் தொல்லையே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்று அந்தக் கிழவி சொல்கிறாள். எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏழையர் விடுதிக்குப் போகிறாள். இது கற்பனையின் மிகை அன்று. இப்படிப் பணத்துக்குக் குழந்தைகளை வாங்கிச் சாகவிட்ட மார்கரெட் வாட்டர்ஸ் என்பவர் 1870இல் தூக்கிலிடப்பட்டார். சிசுக்களைக் காக்க 1872இல் சட்டமும் வந்தது. சேரியின் நாற்றத்தைப் பக்கம் பக்கமாக வருணிக்கும் இன்றைய நாவல்களில் எத்தனை, இந்தப் பால்கூலியின் கணக்கு அளவுக்கு ஆழமாகப் போகின்றன?

இதனால், பழைய காலத்தையோ பழைய கதையையோ பின்னாளில் திரும்ப எழுதும் மறுபுனைவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் மிகவும் மதிக்கும் மறுபுனைவு 1966இல் வந்த ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’. அது திறந்தது படுக்கையறையை அன்று, ஒரு கணக்குப் புத்தகத்தை. சார்லட் பிராண்டி எழுதி 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில், மனநோயாளி என்று வீட்டு மாடியில் அடைத்துவைத்திருக்கும் தன் மனைவிக்கு முப்பதாயிரம் பவுண்டு சீதனம் என்று தன் தந்தைக்குத் தெரிந்திருந்ததை ரோச்செஸ்டர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். அந்தப் பணம் யாருடையது, பிறகு என்ன ஆயிற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டொமினிகாவில் பிறந்த ரீஸ் அதே தொகையை எடுத்துக்கொண்டு, அந்த மனைவியின் கதையைச் சொல்ல ஜமைக்காவுக்குப் போகிறார். அங்கே அந்த மணமகன், முப்பதாயிரம் பவுண்டு எந்த நிபந்தனையும் இன்றித் தன் கைக்கு வந்துவிட்டதையும், மனைவிக்கென எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை என்பதையும் மனத்துக்குள் குறித்துக்கொள்கிறான். அவளுடைய அத்தை கோரா, சட்டப்படி ஓர் ஒப்பந்தம் எழுதி அந்தப் பெண்ணைப் பாதுகாக்க வேண்டும் என்று வாதாடித் தோற்று, கடைசியில் அவசரத்துக்கு விற்றுக்கொள்ளும்படி தன் மோதிரங்களை அவளிடம் கொடுக்கிறாள்.

மணமான பெண்ணின் சொத்து 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை இங்கிலாந்தில் பெரும்பாலும் கணவனுடையதாகிவிடும் என்ற ஒரே செய்தி தெரிந்தால் போதும்; அந்த மோதிரங்களின் எடை விளங்கிவிடும். சார்லட் பிராண்டி ஒரு வரியில் விட்டுச்சென்ற தொகையிலிருந்து ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையை ரீஸ் மீட்டெடுத்திருக்கிறார். இவ்வகை மறுபுனைவுதான் என் அளவுகோல்.

ஃபேபருக்கும் நியாயம் செய்ய வேண்டும். தந்தை தரும் மாதப் பணம் குறைந்துகொண்டே வருவதால்தான் ராக்கம் குடும்பத் தொழிலைக் கையில் எடுக்கிறான் என்பதும், அந்தத் தொழிலுக்கே சுகர் யோசனை சொல்லத் தொடங்குவதும் அந்த நாவலின் மிகச் சிறந்த பகுதிகள். உங்கள் குழுவினர் பாராட்டிய பகுதிகளைவிட இவையே எனக்கு உண்மையாகப் பட்டன.

மழைநாள் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. முப்பதாயிரம் பவுண்டு இரண்டு நாவல்களிலும் வருகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. இன்றே இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

தொடர்ந்து ஒரு கேள்வி. பொருளும் சட்டமும் சரியாக இருந்தாலும், பாத்திரங்களின் மனம் அந்தக் காலத்து மனமாக இருக்கிறதா என்ற ஐயம் எனக்கு அடிக்கடி எழுகிறது. இந்த வகை நாவல்களின் கதாநாயகிகள் பலரும் இன்றைய பெண்ணைப் போலவே சிந்திக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை அவர்களைத் தொடுவதே இல்லை. இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

மறுமொழி 3: நெய்தல்

நண்பரின் இரண்டாவது கேள்வியே எனக்கு முதன்மையாகப் படுகிறது. உடையையும் விளக்கையும் வண்டியையும் ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மனத்தை அப்படி எடுக்க முடியாது. அதிலும் எழுதத் தெரியாதவர்களின் மனம் ஆவணங்களில் மிகக் குறைவாகவே இருக்கிறது. இருப்பதும் வேறொருவர் எழுதிவைத்ததாகவே இருக்கிறது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த நாவல் என்று மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதிய ‘ஏலியஸ் கிரேஸ்’ நாவலைச் சொல்வேன். களம் இங்கிலாந்து அன்று, விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு உட்பட்ட கனடா. 1843இல் டொரண்டோவுக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டில் தாமஸ் கின்னியர் என்பவரும் அவர் வீட்டு மேலாளரான நான்சி மான்ட்காமெரியும் கொல்லப்பட்டார்கள். வேலைக்காரன் மெக்டெர்மாட் தூக்கிலிடப்பட்டான்; அயர்லாந்திலிருந்து வந்த பதினாறு வயதுப் பணிப்பெண் கிரேஸ் மார்க்ஸின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1872இல் அவளுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவள் குற்றவாளியா என்பதற்கு இன்றுவரை முடிவான விடை இல்லை.

அந்தக் கொலையைப் பற்றி அக்காலத்திலேயே எழுதியவர் சூசன்னா மூடி. (நூலகத்து மூடிக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) கிரேஸைச் சிறையில் நேரில் பார்த்தவர் அவர். ஆனால், கொல்லப்பட்டவளின் இரத்தச் சிவப்பான கண்கள் கிரேஸைத் துரத்துவதாக அவர் எழுதியதில், அவர் விரும்பிப் படித்த ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் தாக்கம் தெரிகிறது என்று அட்வுட் தம் பின்னுரையில் சுட்டிக்காட்டுகிறார். இதைப் படித்தபோது நான் வெகுநேரம் யோசித்தேன். நேரில் கண்ட சாட்சியின் எழுத்துக்குள்ளும் அக்கால நாவல் ஒன்று நுழைந்துவிட்டிருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் என்பதாலேயே ஒருவரின் எழுத்தை முழு உண்மை என்று ஏற்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அட்வுட் தமக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார். உறுதியாகத் தெரிந்ததை மாற்றுவதில்லை. சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில் எது நடந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது. சான்றே இல்லாத இடத்தில் மட்டும் புனைவது. கிரேஸின் மனத்துக்குள் அவர் எந்த வழியாக நுழைகிறார் என்பதுதான் அருமை. புரட்சிகரமான கருத்துகள் வழியாக அல்ல, அவள் செய்யும் வேலை வழியாக. துணி வெளுப்பது, ஈரப் போர்வைகளைக் கொடியில் விரிப்பது, இரவுக் கலயங்களைக் கழுவுவது, ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது ஆகியவற்றை அவள் சொல்லும்போது, ஒரு பணிப்பெண்ணின் பெருமையும் களைப்பும் எரிச்சலும் தாமாகவே வந்து சேர்கின்றன. வேதாகமம் அவள் பேச்சில் ஊறியிருக்கிறது. அதை அவள் நம்பும் விதமும் அதனோடு மல்லுக்கட்டும் விதமும் அவளுக்கே உரியவை. அவளை விசாரிக்க வரும் மருத்துவர் தாம் கேட்க விரும்புவதையே தேடுகிறார் என்பதை அவள் கண்டுகொள்கிறாள். அவருக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் அவளே முடிவு செய்கிறாள்.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மறுபுனைவுகளில் பாலியல் தொழிலாளிகள், ஆவியோடு பேசுபவர்கள், சாக்கடையில் பொருள் தேடுபவர்கள், பிக்பாக்கெட்டுகள் எல்லாம் நிறைந்திருக்கிறார்கள். 1840களின் இறுதியிலிருந்து லண்டன் ஏழைகளைப் பேட்டி கண்டு எழுதிய ஹென்றி மேஹியூவின் தொகுதிகளிலிருந்து ஒரே மாதிரியான ஆட்களைப் பலரும் எடுத்து வைக்கிறார்கள். தோல் பதனிடும் தொட்டிகளுக்காக நாய்க்கழிவு பொறுக்கியவர்களைப் பற்றி நான் எத்தனையோ நாவல்களில் படித்துவிட்டேன். ஆனால் அக்காலத்தில் கூலிக்கு உழைத்த பெண்களில் மிகப் பெரும் பகுதியினர் வீட்டுப் பணியாளர்கள். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். விடியுமுன் எழுந்து, கரியும் வெந்நீரும் மாடிப்படி வழியே சுமந்த அந்தப் பெண்களில் ஒருத்தியை மையமாக வைத்த நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வியப்பூட்டுவதைத் தேடும் ஆர்வம், பெரும்பான்மையினர் வாழ்ந்த வாழ்க்கையை மறைத்துவிடுகிறது. அதுவும் ஒரு தணிக்கைதான் என்று ஏட்டுச்சுவடி அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மனத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேர்மையான வேறொரு விடை, ஜான் ஃபவுல்ஸின் ‘தி பிரெஞ்ச் லெப்டினன்ட்ஸ் உமன்’ நாவலில் இருக்கிறது. 1867இல் லைம் ரீஜிஸ் கடற்கரையில் நடக்கும் கதையை, தான் இருபதாம் நூற்றாண்டில் இருப்பதை ஒளிக்காத ஒரு கதைசொல்லி சொல்கிறார். பன்னிரண்டு அதிகாரங்கள்வரை விக்டோரியக் கால நாவலைப் போலவே நடத்திச் சென்றுவிட்டு, சாரா யார் என்று கேட்டு, தமக்குத் தெரியாது என்று பதின்மூன்றாம் அதிகாரத்தில் கையை விரிக்கிறார். பிறகு ஓர் இரயில் பெட்டியில் தம் கதாநாயகனுக்கு எதிரே வந்து அமர்ந்து, கதையை எப்படி முடிப்பது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிறார். இதை வெறும் உத்தி விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சார்லஸின் மனத்தைத் திறந்து காட்டும் அவர், சாராவின் மனத்துக்குள் கடைசிவரை நுழைவதே இல்லை. நூறாண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் மனத்தை முற்றும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் யதார்த்தத்துக்குச் செய்யும் மரியாதை என்றே நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி

நெய்தல் அவர்களின் தணிக்கை வாதத்தை ஏற்கிறேன். பணத்தின் கணக்கைப் பற்றிப் பொருநை சொன்னதும் என் நிலைப்பாட்டைப் பெருமளவு அசைத்துவிட்டது. ஆயினும் உடலைப் பற்றிய உண்மையைப் பணத்தின் உண்மைக்கு அடுத்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாரா வாட்டர்ஸ் 2002இல் எழுதிய ‘ஃபிங்கர்ஸ்மித்’ நாவலை முன்வைத்து அதை விளக்குகிறேன்.

அதில் மாட் என்னும் பெண், தன் மாமாவின் நூலகத்தில் எப்போதும் கையுறை அணிந்து, செயலாளரைப் போல வேலை செய்கிறாள். மாமா தொகுப்பது ஆபாச நூல்களின் அட்டவணை. விருந்துக்கு வரும் கனவான்கள் முன்னிலையில் அவற்றை அவள் உரக்கப் படிக்க வேண்டும். அந்த மாமாவுக்கு மூலம் ஹென்றி ஸ்பென்சர் ஆஷ்பி என்னும் உண்மையான லண்டன் வணிகர். புனைபெயரில் 1877, 1879, 1885ஆம் ஆண்டுகளில் அத்தகைய மூன்று அட்டவணைகளை அச்சிட்டவர். அவர் 1900இல் இறந்தபோது, தம் சேகரிப்பைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதிவைத்திருந்தார். அதிலிருந்த அரிய செர்வாண்டிஸ் பதிப்புகளுக்காக மற்ற நூல்களையும் மியூசியம் ஏற்றுக்கொண்டது. மூடி வாசலில் தடுத்தவை எல்லாம் இன்னொரு வாசல் வழியாக ஆண்களின் அலமாரிக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்த அலமாரிக்கு முன் ஒரு பெண்ணை நிறுத்தி, இதைப் படிக்க நேர்ந்த ஒருத்திக்கு என்ன ஆகியிருக்கும் என்று வாட்டர்ஸ் கேட்கிறார். அக்காலத்து நாவலாசிரியர் எவரும் கேட்டிருக்க முடியாத கேள்வி அது.

மணம் முடிந்தால்தான் மாட்டின் சொத்து வெளியே வரும் என்பதும், அதற்காகவே அவளைச் சுற்றி வலை பின்னப்படுகிறது என்பதும் கதையின் மையம். ஆகவே பொருநை கேட்கும் கணக்கும் அங்கே இருக்கிறது. இரண்டு பெண்களுக்கிடையிலான காதல் மட்டும் ஆவணத்தில் எளிதில் கிடைக்காது. ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஆன் லிஸ்டர் 1840இல் இறக்கும்வரை எழுதிய நாட்குறிப்பில் அத்தகைய பகுதிகளைச் சங்கேத எழுத்தில் மறைத்து வைத்திருந்தார். அவற்றிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பகுதிகள் 1988இல்தான் வெளிப்படையாக அச்சேறின. லிஸ்டர் நிலமும் படிப்பும் உடையவர். லண்டன் பரோ பகுதியின் லான்ட் தெருவில் திருடர் வீட்டில் வளர்ந்த, மாட்டைக் காதலிக்கும் இன்னொரு நாயகியான சூவுக்கு அப்படி எழுதிவைக்க மையும் தாளும் ஏது? அவளுக்காகப் புனைவதைத் தவிர வேறு வழியில்லை.

மழைநாள் வாசகரின் குழு அடுத்து எதைப் படிப்பது என்று முடிவு செய்யவில்லை என்றால், ‘எஸ்தர் வாட்டர்ஸ்’ நாவலையும் ‘ஏலியஸ் கிரேஸ்’ நாவலையும் அடுத்தடுத்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பணிப்பெண்ணே நாயகி. ஒன்று அக்காலத்திலேயே எழுதப்பட்டது, மற்றது நூறாண்டு கழித்து எழுதப்பட்டது. மூரின் நாவலை நானும் பொருநை சொன்ன பிறகுதான் தேடி எடுத்திருக்கிறேன். உங்கள் குழு விவாதிக்கும்போது இங்கேயும் எழுதுங்கள், கலந்துகொள்கிறேன்.